ஆபீஸ்ல வெண்பா எழுதுற ஆள் வேற யாராவது உண்டா?

மூன்றாம்மேசை (திங்கள், இரவு 9:40)

வணக்கம். ரொம்ப நாளா ஓரமா உட்கார்ந்து படிச்சிட்டுப் போறவன். இன்னிக்கு ஒரு சந்தேகம், அதனால வாயைத் திறக்கிறேன்.

மாவட்டத் தலைநகர் ஒண்ணுல அரசு ஆபீஸ், உதவியாளர் வேலை. தபால் வரும், தன்பதிவேட்டுல (நம்ம சீட்டுக்கு வர்ற தபால் பதிவேடு) ஏத்தணும், ந.க.எண்ணுங்கிற வரிசை எண் போடணும், குறிப்பெழுதி மேல அனுப்பணும். மேல போனது பச்சை மையில "பேசவும்"னு எழுதித் திரும்பி வரும். போய்ப் பேசணும். பேசினப்புறம் அதே குறிப்பை வேற வார்த்தையில எழுதணும்.

காலேஜ் படிக்கும்போது படம் வரைவேன், கேரம் நல்லா ஆடுவேன், கொஞ்ச நாள் புல்லாங்குழல்கூட. எல்லாம் போச்சு. மிச்சம் இருக்கிறது வெண்பா ஒண்ணுதான். அதுக்குக் காரணம் தமிழ்ப்பற்று எல்லாம் இல்லை. பஸ்ல போக நாற்பது நிமிஷம், வர நாற்பது. உட்கார இடம் கிடைக்காது. ஒரு கை கம்பியில இருக்கும், இன்னொரு கை விரல்ல சீர் எண்ணிக்கிட்டு வருவேன். பேப்பர் வேண்டாம், மேசை வேண்டாம், நெட் வேண்டாம். பக்கத்துல நின்ன பெரியவர் ஒருநாள் "என்ன தம்பி, வட்டிக் கணக்கா?"ன்னார். ஆமான்னுட்டேன்.

எழுதுற விஷயம் பெரும்பாலும் ஆபீஸ்தான். அப்பப்போ அரசியல். ஆனா அதை யாருக்கும் காட்ட முடியாது. எங்க வாட்ஸப் குழுவுல "அரசியல் பதிவுகள் கூடாது"ன்னு சூப்பிரண்டு போட்டிருக்கார். சலூன்ல "இங்கு அரசியல் பேசாதீர்கள்"னு போர்டை மாட்டிட்டு அதுக்குக் கீழேயே நாலு பேப்பரைப் பரப்பி வெச்சிருப்பாங்க இல்ல, அதே கதைதான். டீ நேரத்துல ஜாடையிலேயே ஒரு சட்டசபை நடந்து முடியும்.

இப்போ சந்தேகம். இது குறள் வெண்பான்னு நெனச்சு எழுதினது. படிச்சா எங்கியோ நொண்டுது:

காலை வந்த கோப்பின்னும் மேசைமேல்
தூங்குது டீக்கே நடை.

தெரிஞ்சவங்க பாருங்க. அப்படியே, ஆபீசுக்கு நடுவுல இப்படி ஏதாவது ஒண்ணைக் காப்பாத்தி வெச்சிருக்கிறவங்க அதையும் சொல்லுங்க.

பிழைதிருத்தி (திங்கள், இரவு 10:25)

தம்பி, ரெண்டாமடி சுத்தம். முதலடியில ரெண்டு இடத்துல தட்டுது.

வெண்பாவுல ஒரு சீர் அடுத்த சீரோட சேர்றதுக்குத் தளைன்னு பேரு, அதுக்கு மூணே கட்டளை: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். உங்க "காலை" தேமா (நேர் நேர், மாச்சீர்). அதுக்கு அடுத்து நிரை வந்தாகணும், நீங்க "வந்த"ன்னு நேர்ல தொடங்கிட்டீங்க. "வந்த"வும் தேமா, பின்னாடியே "கோப்"னு மறுபடி நேர். அதான் நொண்டுது. எதுகையும் இல்லை, காலைக்கும் தூங்குதுக்கும் என்ன உறவு?

இப்படி வெச்சுப் பாருங்க:

காலையில் வந்தகோப்பு மாலையும் மேசைமேல்;
வேலையா? டீக்கே நடை.

கூவிளம், கூவிளங்காய், கூவிளம், கூவிளம். அடுத்த அடி கூவிளம், தேமா, மலர் (கடைசிச் சீருக்கு உள்ள வாய்பாடு). காலை, மாலை, வேலைன்னு எதுகையும் வந்துடுச்சு. "டீக்கே நடை" உங்க சொத்து, அதை நான் தொடலை. நல்ல முடிப்பு.

நான் அச்சகத்துல முப்பது வருஷம் புரூஃப் பார்த்தவன். ஈய எழுத்து காலம். ராத்திரி ஷிஃப்ட் முடியுற நேரம், மிச்ச எழுத்தை வெச்சு எங்க கம்பாசிட்டர் ஒருத்தர் ரெண்டு வரி கோத்து, ஒரே ஒரு தாள் அடிச்சுப் பார்த்துட்டு, எழுத்தைப் பிரிச்சுக் கேஸ்ல, அதாவது எழுத்துப்பெட்டியில, போட்டுடுவார். எல்லாம் அவர் சொந்தக் கவிதை. சில நாள் கேஸ்ல "ண"வோ "ற"வோ தீர்ந்திருக்கும். உடனே சொல்லை மாத்துவார். எழுத்து தீர்ந்ததால பல நேரம் வரி நல்லாயிடும்னு சொல்வார். அந்தத் தாள்ல ஒண்ணுகூட நான் எடுத்து வைக்கலை.

ஊடுபுள்ளி (திங்கள், இரவு 11:10)

வெண்பா தெரியாது, ஆனா பஸ் கதை என் கதை. ஓஎம்ஆர்ல ஐடி கம்பெனி. எனக்குச் சிக்குக் கோலம். வாசல்ல போட வாசல் இல்லை, எட்டாவது மாடி. அதனால புள்ளி நோட்டு. காலையில ஒரு மீட்டிங் கால், மதியம் ஒரு கால், ராத்திரி அமெரிக்காக்காரங்களோட ஒரு கால். கேமராவை அணைச்சிட்டு, "யெஸ், யெஸ்"னு சொல்லிக்கிட்டே 15 புள்ளி, 8 முடிய ஊடுபுள்ளி வெச்சிடுவேன். கோடு எல்லாப் புள்ளியையும் சுத்தணும், எதையும் தொடக்கூடாது, கெளம்பின இடத்துக்கே வந்து சேரணும். மீட்டிங்தான் எங்கியும் வந்து சேராது.

நீங்க தளைன்னு சொல்றதைப் படிச்சதும் ஒண்ணு ஞாபகம் வந்தது. 1970கள்ல தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி குழுவினர் கோலத்துக்கு இலக்கணம் இருக்குன்னு கணிதத்துல ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாங்க. கம்ப்யூட்டர் மொழிகளுக்கு எழுதுற மாதிரியான விதிகள். எங்க டீம்ல யாருக்கும் தெரியாது. சொன்னா "ஓ, நைஸ்"பாங்க.

ஒரு விஷயத்துல மட்டும் ஜாக்கிரதையா இருங்க. போன வருஷம் என் நோட்டை மேனேஜர் பார்த்துட்டார். "வாவ், வெள்ளிக்கிழமை கிரியேட்டிவிட்டி அவர்ல எல்லாருக்கும் சொல்லிக்குடுங்க, ரிசப்ஷன் சுவர்ல நம்ம லோகோவைக் கோலமா போடலாம்"னார். போட்டேன், எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. அதுக்கப்புறம் மூணு மாசம் நோட்டைத் திறக்கவே தோணலை.

வியூஸ்மணி (செவ்வாய், காலை 7:05)

ப்ரோ, "டீக்கே நடை" செம பஞ்ச். ரீல்ஸ் போடுங்க. பத்து செகண்ட், ஆபீஸ் பேக்ரவுண்ட், பிஜிஎம். மூணு மாசத்துல மானிடைஸ் ஆயிடும். அக்கா, நீங்களும் ஆன்லைன் கோல கோர்ஸ் ஆரம்பிக்கலாம். டேலன்டை நோட்டுக்குள்ள வெச்சு என்ன பண்றது?

சில்லறை (செவ்வாய், காலை 9:30)

மணி தம்பி, கோபிச்சுக்காதீங்க. விக்கிறது தப்பில்ல. ஆனா விக்க ஆரம்பிச்ச அன்னிக்கே அது ரெண்டாவது ஆபீஸ் ஆயிடும். அங்கயும் ஒரு மேனேஜர் இருப்பான், பேரு வியூஸ்.

நான் வங்கியில காசாளரா இருந்து ஓய்வு பெற்றவன். எங்க கிளையில எண்பதுகள்ல கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ரெண்டு மாசத்துக்கு ஒரு பிரதி. ஒரே பிரதிதான், பக்கத்துப் பக்கத்துக் கிளைக்கெல்லாம் தபால் பையிலேயே போய்ட்டு வரும். பின் அட்டையில வாசகர் கடிதம் எழுத நாலு வெள்ளைத்தாள் தைச்சிருப்போம். பத்திரிகையைவிட அந்த நாலு தாள்தான் சுவாரசியம். கம்ப்யூட்டர் வந்தா வேலை போயிடும்னு ஊரெல்லாம் போராட்டம் நடந்த காலம் அது. ஒரு இதழ்ல ரெண்டு பேர் அதைப் பத்தி எதிரெதிர் கட்டுரை எழுதி, கடிதத்துல அடிச்சிக்கிட்டு, கடைசியில கேன்டீன்ல ஒரே வடையைப் பாதியாப் பிச்சுத் தின்னாங்க. ஒருத்தர் சங்கத்துல செயலாளர், இன்னொருத்தர் எதிர்ச் சங்கம். இப்போ வாட்ஸப்ல அப்படி ஒரு சண்டை போட்டா வடை வரைக்கும் போகுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. சண்டை முடியுறதுக்குள்ள ஒருத்தர் குழுவை விட்டே போயிருப்பார்.

பத்திரிகை ஏன் நின்னுச்சுன்னு கேப்பீங்க. தடை ஒண்ணும் வரலை. கையெழுத்து நல்லா இருந்தவருக்கு வடக்க மாறுதல் வந்துச்சு. மத்த எல்லார் கையெழுத்தும் செக் திரும்பி வர்ற மாதிரி இருக்கும்.

மூன்றாம்மேசை சார், ஆபீஸ் நாற்காலியில இருந்து எழுதுறது நம்ம ஊர்ல புதுசும் இல்லை. தமிழின் முதல் நாவலை 1879ல அச்சில் கொண்டுவந்த வேதநாயகம் பிள்ளை மாயவரத்துல முன்சீபா இருந்தவர். காரிகை (யாப்பு இலக்கண நூல்) கற்றுக் கவி பாடுறதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம்னு பழமொழி இருக்கு. நீங்க கவியும் பாடுறீங்க, சம்பளமும் வாங்குறீங்க. என்ன குறை?

அலைஞ்சவன் (செவ்வாய், காலை 11:48)

எல்லாரும் ரசிச்சு முடிச்சாச்சா? இப்போ மேசைக்கு இந்தப்பக்கம் நிக்கிறவன் பேசலாமா?

எங்கப்பா எழுதிவெச்ச இடத்துக்கு உட்பிரிவோட பட்டா மாறுதல். மனு குடுத்து ஏழு மாசம். ஒரு ஆபீசுக்கு எத்தனை தடவை போனேன்னு எண்ணுறதை விட்டுட்டேன். சர்வேயர் லீவு, சர்வேயர் மாத்தம், சர்வேயர் வந்தார் சங்கிலி வரலை. ஆன்லைன்ல பார்த்தா "பரிசீலனையில் உள்ளது". ஒவ்வொரு தடவையும் அரைநாள் கூலி போச்சு. எனக்குப் பெட்டிக்கடை, பூட்டிட்டுத்தான் வரணும்.

"காலையில் வந்தகோப்பு மாலையும் மேசைமேல்"னு நீங்க எழுதினா கவிதை, அந்தக் கோப்புக்குள்ள இருக்கிறது என் வீடு. மக்கள் வரிப்பணத்துல சம்பளம், அதுல உட்கார்ந்து தேமா புளிமா. அந்த எழுத்தைக் கோப்புல எழுதியிருந்தா என் வேலை முடிஞ்சிருக்கும்.

மூன்றாம்மேசை (செவ்வாய், இரவு 9:15)

அலைஞ்சவன் சார், உங்க பதிவை மதியம் சாப்பாட்டு நேரத்துல படிச்சேன். சாப்பாடு இறங்கலை.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். எழுதுறது பஸ்லதான், சீட்ல இல்லை. ஆனா அது உங்களுக்குப் பதில் ஆகாதுன்னு எனக்கே தெரியும். அந்தக் குறள்ல வர்ற மேசை வேற யாரோடதும் இல்லை, என்னோடதுதான். எங்க செக்‌ஷன்ல நாலு பேர் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு பேர். ஒரு சீட்டுக்கு நான் கூடுதல் பொறுப்பு. வாக்காளர் பட்டியல் வேலை வந்தா அதுவும் எங்க தலையில. இதெல்லாம் உண்மை. இதோட சேர்த்து இன்னொரு உண்மையும் இருக்கு: சில கோப்பை எடுத்தா நிறையப் படிக்கணும்னு தெரியும், அதனால அடியிலயே தள்ளிவைப்போம். எல்லா மேசையிலும் அப்படி ஒரு அடிக்கோப்பு உண்டு. என் மேசையில மூணு இருந்துச்சு. இன்னிக்குச் சாயங்காலம் ஒண்ணை எடுத்து எழுதினேன். உங்க ஊர் ஆபீஸ் இல்லை சார், வேற துறை. இருந்தாலும் சொல்லணும்னு தோணுச்சு.

கிண்டலை நான் என்மேலதான் பண்ணினேன். அது வெளிய இருந்து படிக்கிறவருக்கு எப்படி இருக்கும்னு யோசிக்கலை.

தபால்பெட்டி (செவ்வாய், இரவு 10:02)

தபால் துறை. மூன்றாம்மேசை பயப்பட வேண்டாம், எழுதலாம். எங்க மாதிரி மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் வருஷத்து நடத்தை விதிகள். எப்போதாவது செய்யுற இலக்கியம், கலை, அறிவியல் வேலைக்கு முன் அனுமதி தேவையில்லைன்னு அதுலயே இருக்கு. வேலை கெடக்கூடாது, அவ்வளவுதான். உங்களுக்கு 1973ஆம் வருஷத்துத் தமிழ்நாடு விதிகள், அதை எடுத்து ஒருதடவை படிச்சுக்குங்க.

அரசியல்தான் வேற கதை. எங்க விதியில ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓட்டுப் போடலாம், ஆனா யாருக்குப் போட்டோம், போடப் போறோம்னு எந்த ஜாடையும் காட்டக்கூடாது. உடம்புலயோ வண்டியிலயோ வீட்டிலயோ தேர்தல் சின்னம் இருந்தா அதுவே செல்வாக்கைப் பயன்படுத்தின மாதிரிதான்.

இதுல நான் மாட்டினேன். எனக்கு வாட்டர்கலர் பொழுதுபோக்கு. என் கவுன்டருக்குப் பின்னாடி நானே வரைஞ்ச ராமேஸ்வரம் காலை ஒட்டியிருந்தேன். ரெண்டு படகு, கடல், நடுவுல பாதி சூரியன். தேர்தல் அறிவிச்ச மறுநாள் போஸ்ட்மாஸ்டர் வந்து நின்னு பார்த்தார். "சார், இது உதிக்குதா மறையுதா?"ன்னார். "உதிக்குது சார்." "அப்போ எடுத்துடுங்க." எடுத்துட்டு, வீட்டுல இருந்த மாந்தோப்புப் படத்தைக் கொண்டு வந்து ஒட்டினேன். அவர் மறுபடி வந்து நின்னார். ஒண்ணும் சொல்லலை, பார்த்தார். அதையும் எடுத்துட்டேன். தேர்தல் முடியுற வரைக்கும் சுவர்ல செலோடேப் தடம்தான் இருந்துச்சு.

ஈரோட்டுக்காரன் (செவ்வாய், இரவு 10:20)

சில்லறை ஐயா சொன்ன பேரிகையும் வேண்டாமுங்க, முரசும் ஒரு சின்னம்தான்.

அரசியல்ல கற்பனைன்னா எங்க மொடக்குறிச்சிதான். 1996 சட்டமன்றத் தேர்தல்ல 1,033 வேட்பாளருங்க. விவசாயிக கோவத்தைக் காட்டோணும்னு கும்பலாப் போய் மனுத் தாக்கல் பண்ணிப்போட்டாங்க. ஓட்டுச்சீட்டு பொஸ்தகமாட்டம் இருந்துச்சு. 2024ல கரூர்ல 54 பேர் நின்னதுக்கே நாலு பேலட் யூனிட்டை வரிசையா வெச்சாங்க. 1,033 பேருக்குச் சின்னம் கண்டுபிடிச்ச அந்த ஆபீசர் இருக்காரே, அவருதானுங்க படைப்பாளி.

மட்டுறுத்துனர் (செவ்வாய், இரவு 10:31)

சின்னம் வரைக்கும் வந்தாச்சு. இதோட நிறுத்திக்குவோம். கட்சிச் சண்டைக்கு வேற இழை இருக்கு. (மாந்தோப்புக்குச் சிரிச்சேன், ஒத்துக்கறேன்.)

ஊடுபுள்ளி (புதன், மதியம் 1:40)

சின்னம் இல்லாமலேயே அரசியல் வரும் சார். 2019 டிசம்பர் கடைசியில பெசன்ட் நகர்ல குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்துச் சிலர் தெருவுல கோலம் போட்டாங்க. போலீஸ் பிடிச்சு வெச்சு அப்புறம் விட்டாங்க. அதுக்கப்புறம் நிறைய வீட்டு வாசல்ல அதே வாசகத்தோட கோலம் வந்தது. அந்த வாரம் எங்க ஆபீஸ்ல புத்தாண்டு ரங்கோலி போட்டி. எச்ஆர் மெயில்ல வழக்கமா "தீம் உங்கள் விருப்பம்"னு இருக்கும். அந்த வருஷம் "தீம்: மயில்". முப்பத்திரண்டு மயில்.

நான் சட்டத்தை ஆதரிச்சேனா எதிர்த்தேனான்னு இங்க சொல்லப்போறதில்லை. ஆனா அரிசிமாவைப் பார்த்து ஒரு நகரமே பதறுறதைப் பார்த்தப்போ, இத்தனை வருஷமா நோட்டுல போட்டுக்கிட்டிருந்தது எவ்வளவு கனமான சாமான்னு முதல் தடவையாத் தோணுச்சு.

அலைஞ்சவன் அண்ணா, நீங்க சொன்னது சுட்டது. ஆனா ஒண்ணு கேக்கலாமா? கடையில ஆள் வராத நேரம் நீங்க என்ன பண்ணுவீங்க?

அலைஞ்சவன் (புதன், மதியம் 2:15)

ரேடியோ கேப்பேன். சும்மா இருக்கிற நேரம் சிகரெட் அட்டைப்பெட்டியை வெட்டி வீடு செய்வேன், பேத்திக்கு. மாடி வீடு. கதவு திறந்து மூடும்.

ஏன் கேக்குறீங்கன்னு புரியுது. சரி.

வைகைக்கரை (புதன், மாலை 6:50)

நான் டீச்சர். எங்களுக்கு ஆபீஸ் லைஃப்பும் அரசியலும் ஒண்ணாச் சேர்றது எலக்‌ஷன் டூட்டியிலதான். 2019 ஏப்ரல் 18 மதுரையில மீனாட்சி தேரோட்டம், அன்னிக்கே ஓட்டு. மத்த ஊர்லெல்லாம் ஆறு மணிக்கு முடிஞ்சது, எங்களுக்கு மட்டும் ராத்திரி எட்டு வரைக்கும். காலையில அஞ்சரைக்கு ஏஜென்டுகளை உட்கார வெச்சு மாதிரி வாக்குப்பதிவு. அம்பது ஓட்டாவது போட்டுக் காட்டி, எண்ணி, அழிச்சு, சீல் வெச்சு, ஏழு மணிக்குக் கதவைத் திறந்தா, தேர் பார்த்துட்டு நெத்தி நிறையக் குங்குமத்தோட சனம் வந்துக்கிட்டே இருக்கு.

எனக்குக் கொடுத்தது மை வைக்கிற வேலை. மைசூர்ல இருந்து வர்ற மை, சில்வர் நைட்ரேட் கலந்தது, தொட்டா நம்ம கையும் போச்சு. இடதுகை ஆள்காட்டி விரல்ல நகத்துல தொடங்கித் தோல் வரைக்கும் ஒரு கோடு. அன்னிக்கு எத்தனை விரல் பார்த்திருப்பேன்! பீடி சுத்தின விரல், பூக்கட்டி நார் அறுத்த விரல், மருதாணி காயாத விரல், பாதி இல்லாத விரல் ஒண்ணு. வீட்டுக்கு வந்ததும் தூங்காம அதையெல்லாம் பென்சில்ல வரைஞ்சேன். மறுநாள் அழகர் ஆத்துல இறங்கினார். நான் போகலை, வரைஞ்சுக்கிட்டே இருந்தேன். பதினேழு விரல் படம் இருக்கு. ஒண்ணுலயும் முகம் கிடையாது. யாரு யாருக்குப் போட்டாங்கன்னு எனக்கென்ன தெரியும்? அவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு ரகசியத்தை அந்த விரல்தான் அமுக்குச்சு.

அலைஞ்சவன் (வெள்ளி, காலை 6:20)

பிழைதிருத்தி ஐயா சொன்ன மூணு கட்டளையைத் தாள்ல எழுதிக் கடையில ஒட்டிவெச்சு ரெண்டு நாளாப் பார்த்துக்கிட்டிருந்தேன். நேர், நிரை புரியவே ஒரு நாள் ஆச்சு. பேத்திதான் ஸ்கூல் புத்தகத்துல காட்டுனா. மூன்றாம்மேசைக்கு என் பதில்:

டீக்கே நடையென்றீர், தேய்ந்த செருப்புக்கு
நாக்கிருந்தால் கேட்கும் கணக்கு.

தட்டுதான்னு பாருங்க.

பிழைதிருத்தி (வெள்ளி, காலை 6:48)

தேமா, புளிமாங்காய், தேமா, புளிமாங்காய், கூவிளங்காய், தேமா, பிறப்பு. ஒரு இடத்துல தட்டலை. டீக், நாக், எதுகையும் நிக்குது.

ஐயா, முப்பது வருஷம் அடுத்தவங்க எழுத்துல பிழை தேடினவன் நான். இதுல தேடித் தோத்துட்டேன். செருப்புக்கு நாக்கு, தெரிஞ்சு வெச்சீங்களோ தெரியாம வந்துச்சோ.

வியூஸ்மணி (வெள்ளி, காலை 8:00)

ரீல்ஸ் வேண்டாம். ஒத்துக்கறேன். ஆனா அந்த அட்டைப்பெட்டி வீட்டை ஒரு போட்டோ போடுங்களேன் அங்கிள். சும்மா பார்க்க.

மூன்றாம்மேசை (வெள்ளி, இரவு 9:30)

சார், உங்க குறளை ஒரு துண்டுச்சீட்டுல எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்கேன். யார் எழுதினதுன்னு சூப்பிரண்டு கேட்டார். மனுதாரர்னு சொன்னேன்.

வைகைக்கரை மேடம் டூட்டி பத்திச் சொன்னதும் எனக்கும் ஒண்ணு ஞாபகம் வந்து, ரெண்டு நாள் பஸ்ல வந்து முடிச்சேன். ஓட்டுக்கு முந்தின ராத்திரி, 2024 ஏப்ரல் 18. மலையடிவாரத்துல ஒரு தொடக்கப் பள்ளி. சாக்குப்பையில அரக்கு, மெழுகுவர்த்தி, சணல், மைக்குப்பி சாயாம நிக்க ஒரு கிண்ணம், நூத்துக்கணக்குல படிவம். ஒண்ணாங்கிளாஸ் பெஞ்சு நாலைச் சேர்த்துப் போட்டா என் முழங்கால் வரைக்கும்தான் வந்தது. கரும்பலகையில் யாரோ டீச்சர் எழுதின "நாளை விடுமுறை". ஃபேன் ஓடலை. பெட்டிக்குக் காவலா நானும் போலீஸ்காரர் ஒருத்தரும். அவர் குறட்டை விட ஆரம்பிச்சதும் எனக்குத் துணை கொசு மட்டும்தான். நேரிசை வெண்பா, முதல் முயற்சி:

பள்ளி வகுப்பறையில் பாய்விரித்துப் பெட்டியுடன்
உள்ளே படுத்திருந்தேன் ஓரிரவு - கள்ளவோட்டு
போட்டுப்போட் டோடும் கொசுவிரலில் மைவைக்க
ஏட்டில் விதியில்லை யே.

தபால்பெட்டி (வெள்ளி, இரவு 9:41)

விதி இருக்கு சார். கொசு எந்த ஜாடையும் காட்டாமத்தான் போட்டிருக்கு.

பிழைதிருத்தி (வெள்ளி, இரவு 9:55)

தளை சுத்தம். பள்ளி, உள்ளே, கள்ள, மூணும் ஒரே எதுகை. தனிச்சொல்லா "கள்ளவோட்டு" விழுந்தது பிரமாதம். மூணாமடியில மோனை இல்லை. "போட்டுப்போட்"டுக்கு இணையா மூணாஞ்சீர்ல ஒரு பகரம் வேணும். திங்கக்கிழமைக்குள்ள யோசிச்சுப் பாருங்க, பஸ் இருக்கே.

மூன்றாம்மேசை (வெள்ளி, இரவு 10:03)

பார்க்கிறேன் ஐயா. அலைஞ்சவன் சார், உங்க பட்டா என்ன ஆச்சு?

அலைஞ்சவன் (சனி, காலை 6:10)

சர்வேயர் வந்தாரு. சங்கிலியும் வந்துச்சு. பக்கத்து இடத்துக்காரர் ஊர்ல இல்லை. வர்ற வியாழன் மறுபடி வரச் சொல்லியிருக்காங்க.

மணி தம்பி, மாடி வீட்டுக்கு இன்னும் ஓடு வேயலை. வேய்ஞ்சதும் போட்டோ போடறேன்.